இறந்தோர் பெட்டி மெழுகு

நான்கு நாளாகியும் அந்தப் பலகை இறுகவில்லை.

கண்ணாடி அடைத்த அந்தப் பால்கனிக்கு வெப்பக் குழாய் கிடையாது. புத்தாண்டிலிருந்தே யாஷ் நகரம் உறைந்து கிடந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடியில் உப்புத் தண்ணீர்கூடக் கட்டியாகியிருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்த ஆறு மெழுகு ஓவியங்களும் நகத்தால் தட்டினால் ஓடு போல ஒலித்தன. ஏழாவது மட்டும் ஒலிக்கவில்லை. ஸ்மராந்தா விரல் நுனியை வைத்து அழுத்தினாள். மெழுகு குழைந்தது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். குங்கிலியம் குறைவாகக் கலந்திருந்தால் அப்படி ஆகும். ஆனால் அது வெதுவெதுப்பாக இருந்தது. உருக்கிய மெழுகின் சூடு அல்ல அது. போர்வைக்குள் வெகுநேரம் இருந்த ஒரு கையின் சூடு.

விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்பதுபோல எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள்.

வசந்தத்தில் கண்காட்சி. ஏழு பலகைகள், ஏழு உறவுகள். அவள் முகம் வரைவதில்லை. முகத்தில் என்ன இருக்கிறது, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பாள். ஒவ்வொரு பலகையிலும் இரண்டே திட்டுகள். சிறிய மஞ்சள் திட்டு அவள். மற்றது அப்பா, அல்லது விவாகரத்தான கணவன், அல்லது பள்ளிக்காலத்துத் தோழி. நடுவில் வெற்றிடம். உருக்கிய தேன்மெழுகை ஒரு படலம் பூசி, சூடான காற்றை ஊதும் கருவியால் கீழ்ப் படலத்தோடு உருக்கி ஒட்டவைத்து, அதன் மேல் அடுத்தது. அப்படி முப்பது, நாற்பது படலங்கள். ஒட்டவைக்காமல் விட்டால் மேலிருப்பது உரிந்து வந்துவிடும். ஒட்டவைத்துவிட்டாலோ எது மேல், எது கீழ் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

மெழுகு தேவாலயத்திலிருந்து வந்தது. வாசலுக்கு வெளியே தகரத்தால் செய்த இரண்டு பெட்டிகள். ஒன்றில் 'இருப்போர்' என்றும் மற்றதில் 'இறந்தோர்' என்றும் எழுதியிருக்கும். உயிரோடு இருப்பவர்களுக்காக ஏற்றும் மெழுகுவர்த்திகள் அதில், செத்தவர்களுக்காக ஏற்றுபவை இதில். எரிந்து மிஞ்சிய துண்டுகளை, தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கும் துதோசியா இரண்டு தனித்தனிப் பைகளில் கொண்டுவந்து கொடுப்பாள். அப்பாவுக்கு இறந்தோர் பை. மற்றவர்களுக்கு இருப்போர் பை. கண்காட்சியின் கருவே அதுதான். பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி அதைக் கேட்டுப் புல்லரித்துப்போய்க் கையை நீட்டிக் காட்டினாள்.

ஏழாவது பலகை அக்கா தொம்னிகா. உயிரோடுதான் இருக்கிறாள், சுச்சாவா நகரில், ஒன்பது வருடமாகப் பேச்சில்லாமல்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு அக்காவுக்கான கறுப்புத் திட்டை ஊற்றும்போது ஸ்மராந்தாவின் கை இறந்தோர் பைக்குள் போயிற்று. அந்த மெழுகில்தான் புகைக்கரி அதிகம், கறுப்புக்கு அதுதான் ஆழம் கொடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிறத்துக்காகத்தான். தன்னந்தனியாக இருக்கும்போதும் அவள் இப்படிக் காரணம் சொல்லிக்கொள்வாள், யாரோ கேட்டுவிட்டதைப் போல.

செவ்வாயன்று இரண்டு திட்டுகளுக்கும் நடுவே ஐந்து விரல் இடைவெளி விட்டிருந்தாள். இப்போது விரல்களை வைத்துப் பார்த்தாள். மூன்று.

மெழுகு வழிந்திருக்கும். ஆனால் பலகை மேசைமேல் மட்டமாகப் படுத்திருந்தது. வழிய வழி ஏது?

துதோசியா மதியம் இரண்டு மணிக்கு வந்தாள், நான்கு மாடி ஏறிய மூச்சிரைப்போடும் இரண்டு பைகளோடும்.

"என்னம்மா, மூஞ்சி வர்த்தி மாதிரி வெளுத்திருக்கு? ஏதாவது சாப்பிட்டியா, இல்ல பெயின்ட்டையே நக்கிக்கிட்டிருக்கியா?"

"சாப்பிட்டேன், துதோசியா. உக்காருங்க."

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. இந்தா, இது இருப்போர். இது இறந்தோர். எது கனமுன்னு பாரு. பண்டிகை முடிஞ்சாப் போதும், எல்லாருக்கும் செத்தவங்க ஞாபகம் வந்துருது. உசிரோட இருக்கறவங்களுக்கு ஒரு வர்த்தி வாங்கத்தான் கை வர்றதில்ல." பைகளை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "ஃபாதர் புனித நீரோட வந்தப்போ கதவைத் திறக்கலையாமே நீ? மூணு தடவை மணி அடிச்சாராம்."

"தூங்கிட்டேன்."

"பகல் பதினொரு மணிக்கா? நல்ல தூக்கம்." அவள் கண் மேசைக்குப் போயிற்று. "இது யாரு?"

"எங்க அக்கா."

"எந்தப் பையிலேருந்து ஊத்துன?"

"இருப்போர் பைதான்."

துதோசியா குனிந்து பலகையை முகர்ந்தாள். நாய் முகர்வதைப் போல, வெட்கமில்லாமல், மூன்று தடவை. நிமிர்ந்தபோது முகத்தில் கேலி இல்லை.

"முப்பது வருஷமா ரெண்டு பெட்டியையும் சுரண்டறவ நான். ஈர மண்ணும், செத்தவங்களுக்குப் படைச்ச பழைய கோதுமைப் பொங்கலுமா ஒரு வாசம் வரும் இறந்தோர் பெட்டியிலேருந்து. என்கிட்டப் பொய் சொல்றியே."

"நிறத்துக்காகத்தான்..."

"எங்க ஊருல ஒருத்தி இருந்தா. பக்கத்து வீட்டுக்காரி மேல ஆத்திரம். அவ உசிரோட இருக்கறப்பவே இறந்தோர் பெட்டியில அவ பேரைச் சொல்லி வர்த்தி ஏத்துனா. ஒம்போது வெள்ளிக்கிழமை."

"பக்கத்து வீட்டுக்காரி செத்துட்டாளா?"

"செத்தா. ஆனா ஏத்துனவ முதல்ல போனா." துதோசியா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அது விலாசம் எழுதாத கடுதாசி, கண்ணு. செத்தவங்களைக் கூப்பிட்டுட்ட. யாரு வருவாங்க, யார் வீட்டுக்கு வருவாங்கன்னு நீயா முடிவு பண்ண முடியும்? சுரண்டி எடு. இன்னைக்கே. வெளிச்சம் இருக்கறப்பவே எடு."

கொடுத்த காப்பியைத் தொடாமலே இறங்கிப் போனாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது.

ஸ்மராந்தா சுரண்டவில்லை. கிழவியின் பேச்சுக்கு நாற்பது படலத்தை யார் சுரண்டுவார்கள்? மென்மையான துணியை எடுத்து மேலே பூத்திருந்த வெண்படலத்தைத் துடைக்கத் தொடங்கினாள். குளிரில் மெழுகின் மேல் அப்படிப் பூப்பது வழக்கம்தான். துடைத்ததும் கறுப்பு பளபளத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி மங்கிற்று. ஒரு வட்டம். உள்ளங்கை அகலம். கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியும் ஆவி போல. தெளிந்தது. மறுபடி படிந்தது. சீராக, அவசரமில்லாமல். எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரியவில்லை. தன் மூச்சும் அதே தாளத்தில் போய்க்கொண்டிருப்பதை உணர்ந்தபோதுதான் பின்னால் நகர்ந்தாள்.

அப்போது போன் அடித்தது.

"சித்தி, நான் கதலினா. என் நம்பரை அழிச்சிருப்பீங்க. பரவால்ல."

அக்காவின் மகள். கடைசியாகப் பார்த்தபோது பல்லில் கம்பி கட்டியிருந்தாள்.

"சொல்லும்மா."

"அம்மான்னெல்லாம் கொஞ்ச வேணாம். அம்மாவுக்கு முடியல. உங்களுக்குச் சொல்லணும்னு எனக்கு ஆசை இல்ல, அவதான் சொல்லச் சொன்னா. செவ்வாய்க்கிழமையிலேருந்து குளிருது அவளுக்கு. அடுப்புக்குப் பக்கத்துலயே கட்டில் போட்டிருக்கோம், மூணு கம்பளி. ஆஸ்பத்திரியில எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தொட்டாக் கல்லு மாதிரி ஜில்லுன்னு இருக்கா."

"செவ்வாய் எத்தனை மணிக்கு?" ஏன் அதைக் கேட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை. புரிந்தது.

"நாலரை இருக்கும். ஏன்?" ஸ்மராந்தா கறுப்புத் திட்டைத் திரும்பிப் பார்த்தாள். கதலினா தொடர்ந்தாள். "கை வேற. வலது கையைத் திறந்து திறந்து மூடறா. எதையோ பிடிக்கப் போற மாதிரி. தூக்கத்துலயும்."

ஸ்மராந்தா போனை வைத்துவிட்டுச் சுரண்டியைத் தேடினாள்.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். பார்த்திருக்கிறாள், அக்காவிடம் அல்ல.

ஒன்பது வருடத்துக்கு முன்பு பால்கனியை ஒட்டிய அறையில்தான் அம்மா கடைசி மூன்று மாதம் படுத்திருந்தாள். உயிர் பிரியும் நேரத்தில் கையில் எரியும் மெழுகுவர்த்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் முழு இருட்டு, வழி தெரியாது. 'வர்த்தி இல்லாமச் சாவே' என்பதைவிடக் கொடிய சாபம் இங்கே கிடையாது. குடிகாரர்கள்கூட அதைச் சொல்லத் தயங்குவார்கள். தொம்னிகா மடாலயத்திலிருந்து சுத்தத் தேன்மெழுகில் செய்த சின்ன மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கி வந்து, தீப்பெட்டியோடு கட்டிலோரத்து இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் ஸ்மராந்தா ஒரு பலகையை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். கலப்படமில்லாத வெளிர்மஞ்சள் இரண்டு விரல் அளவு தேவைப்பட்டது. கடை மூடியிருந்தது. இழுப்பறையில் இருந்த வர்த்தியை எடுத்து உருக்கினாள். நாளைக்கு வேறு வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். டாக்டரும் இன்னும் இரண்டு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அம்மா கூப்பிட்டாள். வார்த்தை வரவில்லை. வலது கை மட்டும் போர்வைமேல் திறந்து, மூடி, திறந்து, மூடி. ஸ்மராந்தா தீப்பெட்டி மட்டும் கிடந்த இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். விரல்களை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அந்தக் கை தன்னைப் பிடித்துக்கொண்டுவிடுமோ என்று பயந்தாள்.

சவ அடக்கத்தன்று எல்லாரும் பார்க்கும்படி அக்காவிடம் கேட்டாள்: "வர்த்தி வாங்கிட்டு வர்றேன்னியே, ஏன் வாங்கல?" தொம்னிகா அவளையே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து உறவில் தொம்னிகாவுக்குப் பெயர், பெற்றவளை இருட்டில் அனுப்பியவள். ஸ்மராந்தா அந்தப் பொய்யை ஒன்பது வருடம் சொல்லிச் சொல்லி, சில நாட்களில் அதை நம்பவும் செய்தாள்.

அன்று முடித்த பலகையை அவள் யாருக்கும் காட்டவில்லை. அலமாரிக்குப் பின்னால் போட்டிருந்தாள். இந்த இலையுதிர் காலத்தில் பலகை ஒன்று குறைந்தபோது வெளியே எடுத்தாள். நல்ல பலகை, வீணாக்குவானேன் என்று அதன் மேலேயே அக்காவைப் பூசத் தொடங்கினாள். முதல் படலத்தைக் கீழே இருந்த வெளிர்மஞ்சளோடு உருக்கி ஒட்டவைத்தாள். பிறகு அடுத்தது. செவ்வாயன்று இறந்தோர் மெழுகு. எல்லாம் ஒன்றாக உருகிற்று.

சுரண்டி கறுப்புத் திட்டில் இறங்கிற்று. மெழுகு சுருள் சுருளாக வந்தது. மணி நாலேகால். வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. கீழே டிராம் வளைவில் திரும்பும்போது எழுப்பும் நீண்ட கிறீச்சு, பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை, யாரோ கம்பளம் தட்டும் சத்தம், எல்லாம் வழக்கம்போல இருந்தன. அவளுடைய இந்த ஆறடிப் பால்கனிக்கு மட்டும் அவை தொலைவிலிருந்து, சுவர் தாண்டிச் சுவர் தாண்டி வருவதைப் போல வந்தன. சுருள்கள் கையில் ஒட்டின. உதறினாள். விழவில்லை. சூடு கூடிக்கொண்டே போயிற்று. சுரண்டச் சுரண்டத் திட்டு சிறிதாகவில்லை. இடைவெளி இப்போது ஒரு விரல்.

மறுபடி போன். கையெல்லாம் மெழுகு. முழங்கையால் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"என்னடி பண்ற?"

ஒன்பது வருடம். அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது.

"அக்கா. உனக்கு எப்படி இருக்கு?"

"நலம் விசாரிக்கறியா! கதலினா, கேட்டியா, உங்க சித்தி நலம் விசாரிக்கறா." இருமினாள். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "என்னடி பண்ணுனே என்னை? பொய் சொல்லாத. உன் பொய்க்கு எங்கிட்ட இடமில்ல, நிரம்பிப் போச்சு."

"ஒரு படம். உன்னைப் பத்தி. சுரண்டிக்கிட்டிருக்கேன் அக்கா, இதோ சரியாயிடும்."

"அம்மா இங்க வந்து உக்காந்திருக்கா."

ஸ்மராந்தாவின் கை நின்றது.

"செவ்வாய்க்கிழமையிலேருந்து. கட்டில் ஓரத்துல. இருட்டா இருக்குங்கறா. குளிருதுங்கறா. வர்த்தி எங்கடின்னு என்கிட்டக் கேக்கறா. நாலு நாளா அதே கேள்வி." தொம்னிகாவின் குரலில் அழுகை இல்லை. "நான் வாங்கிட்டுத்தான் வந்தேன்னேன். இழுப்பறையில வெச்சேன்னேன். அப்போ எங்கங்கறா. நீயே சொல்லு, எங்க?"

"அக்கா, நான்..."

"கதலினா பக்கத்துலதான் இருக்கா. அவ காதுல விழற மாதிரி சொல்லு. ஒம்போது வருஷம் ஒருத்தி கல்யாணத்துக்குக் கூப்பிடல என்னை. ஒருத்தி சாவுக்குக் கூப்பிடல. சொல்லுடி."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "சின்னத் துண்டுதான் அக்கா," என்றாள் ஸ்மராந்தா. "ரெண்டு விரல் அளவு. நாளைக்கு வாங்கி வெச்சிடலாம்னுதான்..."

போனில் கட்டில் கிறீச்சிட்டது.

"நாளைக்கு," என்றாள் தொம்னிகா மெதுவாக. "சரி. நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன், என்கிட்ட இல்லன்னு. உன் விலாசத்தைக் குடுத்துட்டேன். அதே வீடு, அதே ரூமு, வழி உனக்கே தெரியுமேன்னேன்."

"அக்கா!"

"எந்திரிச்சுட்டா." பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் நின்றிருந்தது. "போயிட்டா. கதலினா, ஒரு கம்பளியை எடு. வேர்க்குது."

மின்விளக்கு அணைந்தது. எதிர்க் கட்டடத்தில் எல்லா ஜன்னல்களும் எரிந்துகொண்டிருந்தன.

ஓடலாம் என்று நினைத்தாள். வலது கை வரவில்லை. சுரண்டி எப்போது நழுவிற்று என்று தெரியவில்லை. கை பலகைமேல் இருந்தது. கறுப்பு, மஞ்சளைத் தொட்டுவிட்டிருந்தது. இடைவெளி இல்லை. மேல் படலங்கள் தண்ணீராக விலகின. கீழே, எல்லாவற்றுக்கும் கீழே, வெளிர்மஞ்சள். கலப்படமில்லாதது. அதில் ஒரு பள்ளம். நான்கு விரலும் கட்டை விரலுமாக வளைந்த பிடி. எதையோ பிடித்திருந்த பிடி அல்ல. பிடிக்கக் காத்திருந்தது.

பள்ளம் மூடிற்று. திறந்தது.

இழுத்தாள். கை மேலே வந்தது, மெழுகு சொட்ட. மறுபடி உள்ளே போயிற்று. அவளாக உள்ளே விடவில்லை, அது இழுத்தது. மேலே. உள்ளே. மேலே. உள்ளே. மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் நூலை முக்கி முக்கி எடுப்பதைப் போல, அவசரமில்லாமல், ஒவ்வொரு படலமும் இறுகக் காத்திருந்து. ஐந்து விரல்களும் ஒன்றாக ஒட்டின. மணிக்கட்டு மறைந்தது. முழங்கை வரைக்கும் வழுவழுவென்று, கீழே பருத்து, மேலே கூர்ந்து.

வலிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அக்கா. அக்கா, கேக்குதா? நான்தான் உருக்கினேன். நான்தான். கதலினா, கேட்டியா, நான்தான்."

போனில் தேநீர்க் கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம். ஒரு மிடறு. இன்னொரு மிடறு.

"கேட்டுச்சு," என்றாள் தொம்னிகா. "இப்ப ஆடாம நில்லுடி. ஆடுனா அணைஞ்சிரும்."

கை கடைசியாக மேலே வந்து நிமிர்ந்து நின்றது. பலகையிலிருந்து மணிக்கட்டைச் சுற்றி விரல்கள் ஏறின. ஒவ்வொன்றாக. எலும்பும் தோலுமான, வெதுவெதுப்பான, வெகுநேரம் போர்வைக்குள் இருந்த விரல்கள். கீழே விழாமல் பிடிக்க வேண்டியதை எப்படிப் பிடிப்பார்களோ அப்படி.

பின்னால் அம்மாவின் அறை. ஒன்பது வருடமாக யாரும் படுக்காத கட்டில். இழுப்பறை திறக்கும் சத்தம்.

தீக்குச்சி உரசிற்று. பிடிக்கவில்லை.

மறுபடி உரசிற்று.

கருமையான ஜன்னல் கண்ணாடியில் ஸ்மராந்தா பார்த்தாள்: படுத்திருப்பவள் கை எட்டும் உயரத்தில் ஒரு சிறிய சுடர், மெதுவாக, இவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், நேராக, ஆடாமல், திரியைப் போல மெழுகுக்கு வெளியே நீட்டி நின்றது அவளுடைய நடுவிரல் நகம்.